நானூற்றுப் பதினேழின் ஜோடி

அன்றைக்குப் பனி பெய்துகொண்டிருந்தது என்றுதான் பல வருடங்களாகச் சொல்லிவந்தேன். போன மாதம் ஆஃப்ராவோடு தொலைபேசியில் பேசியபோது அவள் சிரித்தாள். "பனியா? கண்ணு கூசற வெயில், முதலாளி. உங்க மூக்குத் தோல் உரிஞ்சு ஒரு வாரம் வேகவெச்ச உருளைக்கிழங்கு மாதிரி இருந்தீங்க." அவள் சொல்வது சரியாக இருக்கலாம். எது காலையில் நடந்தது, எது மதியம் நடந்தது என்பதிலும் எனக்கு இப்போது சந்தேகம் உண்டு. ஆனால் அந்த மனிதர்கள் பேசியது அப்படியே காதில் நிற்கிறது. எனக்குப் பிடித்தவர்களின் பேச்சை நான் மறந்துவிடுகிறேன். பிடிக்காதவர்களின் பேச்சுதான் என்னோடு தங்குகிறது.

வெள்ளிக்கிழமை. ஹோஹென்லான் பனிச்சறுக்கு விடுதியின் மேலாளர் ருப்பர்ட் லாடரின் அறை. விடுதி என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன். நாலாயிரம் படுக்கைகள் கொண்ட மலை அது. சனிக்கிழமை காலையில் நாலாயிரம் பேரும் ஒரே மூச்சில் காலிசெய்வார்கள். மாலைக்குள் அடுத்த நாலாயிரம் பேர் அதே மெத்தைகளில் விழுவார்கள். நான் இருபத்திரண்டு வருடம் மலைப் போலீசில் இருந்துவிட்டு, கீழே பள்ளத்தாக்கில் ஒரு ரொட்டிக் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்திக்கொண்டிருந்தேன். ஆஃப்ரா என் உதவியாளர். அதற்கு முன் பனிச்சறுக்கு ஆசிரியை, அதற்கும் முன் பேருந்து ஓட்டுநர். நான் வாய்மூடி இருக்கும் நேரத்தையெல்லாம் அவள் பேசி நிரப்புவாள். அது நாள் முழுக்க என்று சொன்னாலும் தவறில்லை.

எங்களுக்கு எதிரே டில்மான் ஓவர்பெக் உட்கார்ந்திருந்தார். வட ஜெர்மனியில் மடக்கு நாற்காலித் தொழிற்சாலை வைத்திருப்பவர். ஏதோ ஒரு தீவு நாட்டுக்குக் கௌரவத் தூதராம். அதனால் லாடர் அவரை வாய்க்கு வாய் 'தூதர் ஐயா' என்றார். ஒரு வார விடுமுறைக்குக் குடும்பமாக ஒன்பது பேர் வந்திருந்தார்கள், ஒன்பது பேருக்கும் ஒரே ஊதா நிற ஜாக்கெட். ஜாக்கெட்டின் மார்பில் ஒரு குலச்சின்னம்: பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் மான், அதன் முன்னங்காலில் ஒரு மடக்கு நாற்காலி.

"புதன்கிழமை மேல்சாவடி வாசல்ல என் சறுக்குப் பலகைங்களைத் திருடிட்டாங்க," என்றார் ஓவர்பெக். "சாப்பிட்டுட்டு வெளிய வந்தேன். காணோம். அதே நேரத்துலதான் என் மனைவிக்கும் கால் ஒடிஞ்சுது. உங்க ஊர்ல ஒரே மதியத்துல எவ்வளவு நடக்குது பாருங்க."

"பலகைங்களுக்குப் பூட்டு போட்டிருந்தீங்களா?" என்று ஆஃப்ரா கேட்டாள்.

"நான் முப்பது வருஷமா மலைக்கு வரேம்மா. ஜோடியைப் பிரிச்சு வெச்சேன், உங்க ஆளுங்க செய்யற மாதிரியே. என்னுதுல ஒண்ணும் மனைவியோடதுல ஒண்ணும் இந்தப் பக்கம். மிச்சம் ரெண்டும் அந்தப் பக்கம்."

எங்கள் மலையில் எல்லோரும் செய்வதுதான் அது. சாவடிக்குள் போகுமுன் கூட வந்தவரின் பலகையோடு கலந்து, ஒன்றை ஒரு மூலையிலும் மற்றொன்றை வேறு மூலையிலும் சாய்த்துவைப்போம். ஒற்றைப் பலகை திருடனுக்கு எதற்கும் உதவாது.

"அப்ப திருடன் ரெண்டு மூலைக்கும் போயிருக்கான்," என்றாள் ஆஃப்ரா.

"ஆமா."

"ஐந்நூறு பலகைக்கு நடுவுல, உங்க மனைவியோடதைத் தொடாம, உங்க ரெண்டை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கான்."

"தொழில் தெரிஞ்சவன்."

"நல்ல பொறுமைசாலியும்கூட. எங்க முதலாளி கண்ணுல அப்படி ஒரு ஆள் பட்டா என்னை வேலைய விட்டு அனுப்பிடுவாரு."

ஓவர்பெக் என்னைப் பார்த்தார். வேலைக்காரர்களின் நாயைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்துவிட்டு, நாயின் சொந்தக்காரனைப் பார்க்கும் பார்வை.

லாடர் குறுக்கே வந்தார். "தூதர் ஐயா நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கிளம்பறார். போற வழியில போலீஸ்ல வெண்டலின் மேல புகார் கையெழுத்து போடறார். அதுக்குள்ள இந்தத் திருட்டாவது முடிஞ்சிருக்கணும். விடுதியோட பேரைப் பாருங்க."

வெண்டலின் விடுதியின் பட்டறைக்காரர். வாடகைக்குக் கொடுக்கும் பலகைகளின் பூட்டுகளைச் சரிசெய்வதுதான் அவர் வேலை. பூட்ஸைப் பலகையோடு பிடித்திருக்கும் அந்தப் பூட்டு, ஆள் விழும்போது சரியான நேரத்தில் கழன்றுகொள்ள வேண்டும். எடை, வயது, பூட்ஸின் அடி நீளம் எல்லாம் பார்த்து இறுக்கத்தை வைப்பார்கள். அளவுக்குமேல் இறுகினால் பலகை காலை விடாது, எலும்பு முறியும். தளர்ந்திருந்தால் கனமான ஆளின் காலிலிருந்து திருப்பத்துக்குத் திருப்பம் கழன்றுவிடும். ஓவர்பெக்கின் மனைவி கெசீனா மெல்லிய பெண்மணி. அவருக்கு இறுக்கம் நாலு இருக்க வேண்டும். விழுந்தபின் அளந்து பார்த்ததில் இடது பலகை நாலு காட்டியது, வலது பலகை எட்டு. வலது கால்தான் ஒடிந்தது.

"கவனக்குறைவால உடம்புக்குக் கெடுதல் பண்ணின குற்றம்," என்றார் ஓவர்பெக். "அந்த ஆள் இனிமே ஸ்க்ரூ டிரைவரைத் தொடக்கூடாது. அதைப் பார்த்துட்டுத்தான் அடங்குவேன்."

"நாளைக்குக் காலைல அவர் அறையையும் காலி பண்ணச் சொல்லிட்டேன்," என்றார் லாடர், பரிசு கொடுப்பதுபோல.

வெண்டலினுக்கு நாற்பத்தாறு வயது. பதினாறாவது வயதிலிருந்து அதே பட்டறை. அந்தப் புகார் நிரூபணமானால் எங்கள் பள்ளத்தாக்கில் மட்டுமல்ல, எந்தப் பள்ளத்தாக்கிலும் அவரை ஒருவரும் வேலைக்கு வைக்கமாட்டார்கள். அறையில் இருந்த நான்கு பேரில் இரண்டு பேருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

காணாமல்போன பலகை எப்படி இருக்கும் என்று கேட்டேன். நான் பேசியதும் லாடர் சற்றுத் திடுக்கிட்டார்.

"மனைவியோடது மாதிரியேதான்," என்றார் ஓவர்பெக். "ஒரே ரகம், ஒரே நீளம். காட்டச் சொல்றேன்."

*

பட்டறைக்குப் பின்னால் ஓர் அறையில் கெசீனாவின் பலகைகளைச் சிவப்பு நாடா கட்டி வைத்திருந்தார்கள். சாவி லாடரிடம். வாசலில் வெண்டலின் நின்றார். உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு. வலது பலகையில் யாரோ சாக்கட்டியால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள்.

இரண்டு பலகைகளின் முனையிலும் அதே மான், அதே நாற்காலி. கையகல ஸ்டிக்கர்.

"இதை எதுக்கு ஒட்டியிருக்காங்க?" என்று ஆஃப்ரா கேட்டாள்.

"குடும்பம் மொத்தத்துக்கும் ஒட்டினாங்க," என்றார் வெண்டலின் வாசலிலிருந்து. "அடியில எங்க வாடகை நம்பர் இருக்கும். வாடகைச் சாமான்னு வெளிய தெரியக்கூடாதாம்."

ஆஃப்ரா என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். பூட்ஸ் உலர்த்தும் குழாயை இழுத்து, ஸ்டிக்கர்மேல் சூடான காற்றைக் காட்டினாள். மான் சுருண்டு, நாற்காலி மடங்கி, இரண்டும் உரிந்து வந்தன.

இடது பலகையில் 412. வலது பலகையில் 417.

ஆஃப்ரா காற்றுக் குழாயை விட்டு நிமிர்ந்தாள்.

"ஜோடியே இல்லையே," என்றாள் ஆஃப்ரா. "மூணு நாளா எல்லாரும் இதை அளந்திருக்கீங்க, போட்டோ எடுத்திருக்கீங்க, சாக்கட்டியால கணக்கு வேற போட்டிருக்கீங்க. ஒருத்தரும் நம்பரைப் பார்க்கலையா?"

"விருந்தாளியோட சின்னத்தை நாங்க உரிக்கமாட்டோம்," என்றார் லாடர்.

வெண்டலின் அட்டைப்பெட்டியை வாசல்வரை கொண்டுவந்தார். ஒவ்வொரு விருந்தாளிக்கும் ஓர் அட்டை. 412, கெசீனா ஓவர்பெக்: ஐம்பத்தெட்டு கிலோ, பூட்ஸ் அடி நீளம் 295 மில்லிமீட்டர், இறுக்கம் நாலு. 417, டில்மான் ஓவர்பெக்: தொண்ணூற்றாறு கிலோ, பூட்ஸ் அடி நீளம் 315, இறுக்கம் எட்டு.

"அப்ப தெளிவாயிடுச்சு," என்றாள் ஆஃப்ரா. "சாவடியில ஜோடியைப் பிரிச்சு வெச்சவர் திரும்பச் சேர்க்கத் தெரியாம மாத்திக் கொடுத்துட்டார். புருஷனோட பலகை பொண்டாட்டி கால்ல."

லாடர் குனிந்து 417-ன் பூட்டைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கொண்டாட்டம் தெரிந்தது. "அளவுகோலைப் பாருங்க. பூட்டு 295-ல நிக்குது. தூதர் ஐயாவோட பூட்ஸ் 315, அட்டையிலேயே இருக்கு. அவரோட பலகையா இருந்தா பூட்டு 315-ல இல்ல நிக்கணும்? அம்மாவோட பூட்ஸ் இதுல மாட்டியே இருக்காது. இவன்தான் ஏதோ ஒரு ஒற்றைப் பலகையைத் தேடி எடுத்து, அம்மா காலுக்கு நீளத்தை வெச்சு, இறுக்கத்தை மட்டும் மறந்திருக்கான். ஒரு தப்புன்னு நெனச்சேன். ரெண்டு தப்பு."

நாங்கள் கண்டுபிடித்தது வெண்டலினை இன்னும் ஒரு படி கீழே தள்ளிவிட்டது.

நான் அவரைப் பார்த்தேன். அவர் மறுக்கவில்லை. அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மௌனங்களோடு நல்ல பழக்கம் உண்டு. மாட்டிக்கொண்டவன் மௌனம் ஒரு மாதிரி இருக்கும். சொல்லக்கூடாததை விழுங்குபவன் மௌனம் வேறு மாதிரி. இவருடையது இரண்டாவது.

*

பூட்ஸ் உலர்த்தும் அறைக்குப் பூட்டு கிடையாது. நாலாயிரம் பேரின் ஈரக் காலுறை வாசனையே அதற்குக் காவல். முளைகளில் பூட்ஸுகள் தலைகீழாகத் தொங்கின, உள்ளே சூடான காற்று ஊதிக்கொண்டிருந்தது. ஓவர்பெக் குடும்பத்துக்குத் தனி வரிசை.

"என்ன தேடறோம், முதலாளி?"

"குதிகால்."

பனிச்சறுக்கு பூட்ஸின் குதிகால் பக்கத்தில் அடி நீளம் அச்சாகியிருக்கும். ஆஃப்ரா வரிசையாகப் படித்துக்கொண்டே போனாள். மருமகன் 325. மகள் 285. பேரப்பிள்ளைகள் இருநூற்றுச் சொச்சம். கடைசி முளையில் டில்மான் ஓவர்பெக். அவருடைய இரண்டு குதிகாலிலும், எண் இருக்க வேண்டிய இடத்தில், மான் நின்றது.

"இது ஒண்ணுலதான் ஒட்டியிருக்கு," என்றாள். "மத்த யாரோட பூட்ஸ்லயும் இல்ல." நகத்தால் கீறினாள். பிறகு மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தாள். "295. பொண்டாட்டி அளவேதான். தொண்ணூத்தாறு கிலோவை இந்தப் பாதத்துலயா வெச்சிருக்கார்? கௌரவத் தூதர் நிக்கறதே ஒரு வித்தைதான், முதலாளி."

நான் சிரிக்கவில்லை. அருவருப்பாக இருந்தது என்பதுதான் உண்மை. சின்னப் பாதம் யாருக்கும் இருக்கலாம். அதை மறைக்க ஒரு குலச்சின்னம் தேவைப்படுகிறவனை என்ன சொல்வது?

வெண்டலின் வெளியே, பட்டறைச் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆஃப்ரா பூட்ஸை அவர் மடியில் வைத்தாள்.

"வெண்டல். அட்டையில 315-ன்னு எழுதினது யாரு?"

அவர் பூட்ஸைத் திருப்பிக் குதிகாலைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "நான்தான். ஞாயித்துக்கிழமை கவுண்டர்ல வந்து நின்னார். பின்னாடியே மருமகன். காதோட காதா, 'பெரிசா ஏதாவது எழுதிக்கோப்பா, பொடியன் பார்க்கறான்'ன்னார். எழுதிட்டேன்."

"அவர் கேட்டா எழுதிடறதா?"

"எல்லாரும் கேக்கறாங்க, ஆஃப்ரா. பொம்பளைங்க எடையைக் குறைச்சு எழுதச் சொல்வாங்க. ஆம்பளைங்க திறமையை ஏத்தி எழுதச் சொல்வாங்க. நான் கண்ணால எடை போட்டு, பூட்டை நெசத்துக்கு வெச்சுட்டு, அட்டையில அவங்க சொல்ற பொய்யை எழுதிடுவேன். முப்பது வருஷமா ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல."

"அப்ப அங்கேயே சொல்லியிருக்கலாமே."

"அட்டையில பொய் எழுதினேன்னு சொன்னா வேலை போகும். சொல்லலேன்னாலும் போகும். சொன்னா அந்தாள் காலைப் பத்தியும் சொல்லணும். சொல்லமாட்டேன்னு வாக்கு கொடுத்தேன்."

"யாருக்கு? உன்னை ஜெயிலுக்கு அனுப்பப் பார்க்கறவனுக்கா?"

"கொடுக்கறப்ப அது தெரியாதே," என்றார் வெண்டலின்.

இந்த மாதிரி மனிதர்களிடம் எனக்கு அனுதாபத்தைவிடக் கோபமே அதிகம் வரும். அவர் முகத்தைப் பார்க்காமல் கேபிள் காரை நோக்கி நடந்தேன்.

*

பெட்டி மேலே ஏறியது. ஆஃப்ரா கண்ணாடியில் மூச்சு விட்டு அதில் ஒரு சின்னப் பாதம் வரைந்தாள்.

"ஒண்ணு இடிக்குது," என்றாள். "மனைவி கால்ல போன ஜோடி ஒரு 412, ஒரு 417. அப்படின்னா மிச்ச ஜோடியும் அதே மாதிரி கலப்பு. அதுலதான் ஓவர்பெக் வந்திருக்கணும். ஆனா அவர் திருட்டுப் போச்சுங்கறார்."

"ம்."

"அந்தக் கலப்பு ஜோடி கெடைச்சா மாத்திக்கிட்டது சாவடியிலதான்னு ஆயிடும். வெண்டல் தப்பிச்சான். கெடைக்கலேன்னா, ஒற்றைப் பலகையை அவன்தான் கொடுத்தான்னு லாடர் கதையைக் கட்டுவார். நாளைக்குச் சனிக்கிழமை. மலை முழுக்கக் கூட்டிப் பெருக்கி, வாடகைப் பலகை மொத்தத்தையும் அடுத்த கூட்டத்துக்கு மாத்தி வெச்சுடுவாங்க."

"ம்."

"உங்ககிட்ட பேசறது எனக்கு ரொம்ப ஆறுதல், முதலாளி."

மேல் நிலையத்தில் இறங்கினோம். எங்கள் ஊரில் அந்த உயரத்துக்கு மேல் மரியாதைப் பன்மை கிடையாது. மந்திரியானாலும் மாட்டுக்காரனானாலும் 'நீ'தான். ஆஃப்ரா பெட்டியிலிருந்து கால் எடுத்து வைத்ததும் மாறினாள். "வா மாத்திஸ், நடையைக் கட்டு."

மேல்சாவடியை நடத்துபவள் ஓட்டிலியா. அகன்ற தோள்கள், குரலும் அதற்கேற்ப. இரண்டு கையிலும் சூப் கிண்ணங்களோடு வந்தாள்.

"ஊதா ஜாக்கெட்டா? புதன்கிழமையா? நல்லா ஞாபகம் இருக்கு. என் ரொட்டி உருண்டையைக் கல்லுன்னு சொன்னவன்."

"அவன் பலகையை யாரோ திருடிட்டாங்களாம், இங்க வாசல்ல," என்றாள் ஆஃப்ரா.

ஓட்டிலியா கிண்ணங்களை வைத்தாள். "திருடினாங்களா? பின்பக்கம் வா."

சாவடியின் பின்சுவரில் இருபது முப்பது பலகைகள் சாய்ந்திருந்தன. "ஒவ்வொரு வாரமும் இவ்வளவு தங்கிடும். குடிச்சுட்டு மறப்பான், கால் வலிச்சு விட்டுட்டுப் போவான், அடுத்தவனோடதை மாட்டிக்கிட்டுப் போவான். சனிக்கிழமை கீழ அனுப்பிடுவேன்." வரிசையின் இந்தக் கோடியில் ஒன்றையும் அந்தக் கோடியில் ஒன்றையும் உருவினாள். இரண்டிலும் மான். "ராத்திரி வாசலைக் காலி பண்றப்ப ரெண்டும் ரெண்டு மூலையில இருந்துது. பத்திரமா பிரிச்சு வெச்சிருந்தான்."

ஆஃப்ரா ஸ்டிக்கர்களைக் கிழித்தாள். 412. 417.

"திருடனே இல்ல," என்றாள். "இவன் விட்டுட்டுப் போயிருக்கான்."

ஓட்டிலியா கையைத் துடைத்துக்கொண்டாள். "நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். அவன்தான் பொண்டாட்டிக்குப் பலகை கொண்டுவந்து போட்டான். அவ மாட்டிக்கிட்டு முன்னாடி போனா. இவன் பேரிக்காய்ச் சாராயத்தை முடிச்சுட்டுக் கிளம்பினான். ரெண்டு திருப்பம்கூடப் போகல, வலது பலகை கழண்டுது. விழுந்தான். மாட்டினான். திரும்பக் கழண்டுது. என் ஆளுங்க எல்லாம் சிரிச்சாங்க. அப்பதான் கீழ விசில் சத்தம். மீட்புப் படை சறுக்கு வண்டியோட போறாங்க. இவன் கீழ பார்த்தான். கையிலிருந்த பலகையைப் பார்த்தான். திரும்பக் கீழ பார்த்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் மேல ஏறி வந்தான். ஒண்ணை இங்க வெச்சான், ஒண்ணை அங்க வெச்சான். கேபிள் கார்ல ஏறிப் போயிட்டான்."

"பொண்டாட்டிகிட்ட போகலையா?"

"அவ கெடந்தது கீழ. கேபிள் கார் இருக்கறது இந்தப் பக்கம்," என்றாள் ஓட்டிலியா. "நான் வேற என்ன சொல்ல?"

இருபத்திரண்டு வருடத்தில் மலையில் பலவிதமான கோழைகளைப் பார்த்திருக்கிறேன். பனிச்சரிவு வரும்போது கயிற்றை விட்டவர்கள் உண்டு. அவர்களை என்னால் புரிந்துகொள்ள முடியும். பயம் கையை அவிழ்த்துவிடும். ஆனால் மனைவி வலியில் கிடக்கும்போது, நின்று நிதானமாக, இரண்டு பலகைகளை இரண்டு மூலைகளில் சாய்த்துவைப்பது பயத்தில் சேராது. அது ஒழுங்கு. முப்பது வருடம் மலைக்கு வந்து கற்றுக்கொண்ட ஒழுங்கு.

*

சாவடிக்குக் கீழே, குழந்தைகள் பழகும் சின்னச் சரிவில், வெள்ளிக்கிழமைப் பந்தயம் முடிந்து பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாரம் முழுக்கப் பயின்ற குழந்தைகள் எல்லோருக்கும் பதக்கம் உண்டு. யாரும் தோற்றுவிடாதபடி வயது, நிறம், தொப்பி என்று பிரித்து, எல்லோரும் ஏதோ ஒன்றில் முதல். பெற்றோர்கள் அதை நம்பிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஓவர்பெக்கும் எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சக்கர நாற்காலியில் கெசீனா. உயரமான பெண்மணி, நரைத்த தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார். பேத்தியின் பந்தயத்தைப் பார்க்க அவரை மேலே கொண்டுவந்திருந்தார்கள். வலது கால் கட்டுகளோடு நேராக நீட்டியிருந்தது. லாடர் அவர் மடிக்குக் கம்பளி போர்த்திக்கொண்டிருந்தார்.

ஆஃப்ரா இரண்டு பலகைகளையும் ஓவர்பெக்கின் முன்னால் பனியில் குத்தி நிறுத்தினாள்.

"கண்டுபிடிச்சுட்டோம்," என்றாள். "திருடன் ரொம்ப நல்லவன். நீ வெச்ச இடத்துலயே வெச்சிருந்தான்."

"'நீ'யா?" என்றார் ஓவர்பெக்.

"இந்த உயரத்துல எல்லாரும் நீதான். முப்பது வருஷமா வரியே, தெரியாதா?"

லாடர் எண்களைப் பார்த்தார். ஒன்று, மற்றொன்று. கணக்கு அவருக்கும் புரிந்தது. கம்பளியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்தினார்.

நான் பேச வேண்டியிருந்தது. சுருக்கமாகச் சொன்னேன். ஜோடியைப் பிரித்து வைத்தது, எண்கள் மறைந்திருந்ததால் திரும்ப எடுக்கும்போது கலந்தது, 295-ல் இருந்த பூட்ஸ், கழன்ற வலது பலகை, கீழே கேட்ட விசில். பாதத்தின் அளவைச் சொல்லும்போது மட்டும் ஓவர்பெக் கண்ணை மூடினார். மனைவியின் கால் ஒடிந்ததைச் சொன்னபோது மூடவில்லை.

"இதெல்லாம் ஒரு சமையல்காரியோட கதை," என்றார். "என் மனைவி ஏற்கெனவே வாக்குமூலம் கொடுத்தாச்சு. பலகை பட்டறையிலேர்ந்து அப்படித்தான் வந்துதுன்னு. அவ சொன்னதை மாத்தமாட்டா."

அது உண்மையாக இருந்தால் எங்கள் கையில் இருந்தது இரண்டு பலகையும் ஒரு சூப்புக்காரியின் நினைவும் மட்டும். வாக்குமூலத்தின் முன்னால் அவை நிற்காமல் போகலாம். லாடரின் முகத்தில் மறுபடி கொஞ்சம் உயிர் வந்தது.

கெசீனா பலகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கணவரைப் பார்க்காமலே பேசினார்.

"அன்னைக்கு நான் சொன்னேன். 'டில்மான், இது என்னுது மாதிரி இல்லையே, காலைக் கெட்டியாப் பிடிக்குது'ன்னேன். நீங்க என்ன சொன்னீங்க?"

"கெசீனா, இங்க வேண்டாம்."

"'எப்பப் பார்த்தாலும் உனக்கு ஒரு குறை, காலை விட்டு மாட்டு, ஆளுங்க காத்திருக்காங்க'ன்னீங்க." அவர் குரல் உயரவேயில்லை. "விழுந்தவுடனேயே எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில நீங்க வந்து பட்டறைக்காரன், பட்டறைக்காரன்னு சொன்னப்பவும் தெரியும். நீங்க சொல்றபடியே இருக்கட்டும்னு கையெழுத்து போட்டேன். முப்பத்தினாலு வருஷமா அப்படித்தானே போடறேன்."

"அப்ப இப்ப என்ன புதுசா?"

"நான் கீழ கெடந்தேன். நீங்க மேலேர்ந்து பார்த்தீங்கன்னு எனக்குத் தெரியாது."

பனியில் யாரோ ஒரு குழந்தையின் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள்.

கெசீனா என் பக்கம் திரும்பினார். "எங்க எழுதணும்?"

ஆஃப்ரா நோட்டையும் பேனாவையும் கொடுத்தாள். அவர் கையுறையைக் கழற்றி, மடியில் வைத்து, அரைப் பக்கம் எழுதினார். ஆஃப்ராவும் ஓட்டிலியாவும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

"அந்த வெண்டலின் உனக்கு ரொம்பக் கடமைப்பட்டிருப்பார்," என்றேன்.

"யாரு?" என்றார் கெசீனா.

"பட்டறைக்காரர். புகார் போயிருந்தா அவர் வாழ்க்கையே போயிருக்கும்."

"ஓ," என்றார். பேனாவை மூடினார். "அந்த ஆளைப் பத்தி நான் யோசிக்கவேயில்லை."

அவர் சொன்னது உண்மை. ஒரு மனிதனைக் காப்பாற்ற அவர் எழுதவில்லை, ஒரு மனிதனை அடிக்க எழுதினார். வெண்டலின் அதற்கு நடுவில் தற்செயலாகப் பிழைத்துக்கொண்டார். நான் மட்டும் என்ன? கீழே இறங்கும்போது ஓவர்பெக்கின் முகம் எப்படி வெளுத்தது என்பதைத்தான் நானும் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்து வந்தேன்.

*

புகார் போலீசுக்குப் போகவில்லை. சனிக்கிழமை பத்து மணிக்கு ஒன்பது ஊதா ஜாக்கெட்டும் இரண்டு வண்டிகளில் ஏறிப் போயின. கெசீனாவின் கால் கூடிவிட்டது, ஆனால் ஈரநாட்களில் கைத்தடி வேண்டும். அவர் கணவரைப் பிரியவில்லை. அடுத்த குளிர்காலத்திலும் குடும்பமாக விடுமுறைக்குப் போனார்கள், வேறு மலைக்கு. ஓவர்பெக் இன்னும் கௌரவத் தூதர். அட்டையில் பொய் எழுதிய குற்றத்துக்காக அந்தப் பருவம் முடிந்ததும் வெண்டலினை லாடர் வேலையிலிருந்து அனுப்பினார். அதன்பின் லாடருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. வெண்டலின் ஏரிக்கரை ஊர் ஒன்றில் சைக்கிள் கடையில் வேலை செய்கிறார். ஓட்டிலியா சாவடியை விற்றுவிட்டு மகளோடு இருக்கிறாள். ஆஃப்ரா மறுபடி பேருந்து ஓட்டுகிறாள். நான் அலுவலகத்தை மூடிவிட்டேன். ரொட்டிக் கடை இன்னும் இருக்கிறது.